அளந்த எண்ணும் எழுதிய எண்ணும்

ஊசலொன்றை ஆட்டிப் புவியீர்ப்பு ஆர்முடுகலைத் துணியும் பரிசோதனை ஈழத்துக் கல்லூரிகளில் நெடுங்காலமாக நடந்துவருவதொன்று. உயர்தர வகுப்பு மாணவன் நிறுத்தற் கடிகாரத்தைக் கையிற் பிடித்து, இருபது அலைவுகளை எண்ணி, நூலின் நீளத்தை மாற்றி மாற்றி அளந்து, வரைபு கீறி, ஈற்றில் ஒரு விடையைக் காண்கிறான். விடை 9.8 என வந்தால் மகிழ்கிறான். 9.3 என வந்தால் யாது செய்கிறான்? கல்லூரியின் பரிசோதனைச் சாலையை மிதித்தோர் யாவரும் இதனை அறிவர். அழிறப்பர் வெளிவருகிறது, வாசிப்புகள் இரண்டு மூன்று இடம் மாறுகின்றன, கோடு சற்றே சரிகிறது, விடை 9.8 ஆகிவிடுகிறது. ஆசிரியரும் சரியெனக் குறியிட்டுக் கொப்பியைத் திருப்பிக் கொடுக்கிறார்.

இதனை இளமைக் குறும்பென ஒதுக்குவார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. விடையை முன்னரே அறிந்துகொண்டு அதனை நோக்கி வாசிப்புகளை நடத்துபவன் அளப்பவன் அல்லன், அளப்பதுபோல நடிப்பவன். எட்டாண்டு விஞ்ஞானக் கல்வியின் பயனாக ஒரு மாணவன் இந்நடிப்பிலே தேர்ச்சியடைவானாயின், அக்கல்வி அவனுக்கு நன்மை செய்ததா தீமை செய்ததா என்பது ஆராயத்தக்கது. விழா மலரில் வாழ்த்துரைகளுக்கிடையே இத்தகைய பேச்சு எதற்கெனச் சிலர் முகஞ்சுளிக்கலாம். விழாக் காலத்திலன்றி வேறெக்காலத்தில் பழைய மாணவரும் ஆசிரியரும் மாணவரும் ஒரே ஏட்டைக் கையில் எடுக்கிறார்கள்?

விடை எந்நூலிலும் எழுதப்படாத அளவைகள் உலகில் உள. அவற்றை அளப்போர் எவ்வாறு அளக்கின்றனர், ஒருவர் கண்ட எண்ணை மற்றொருவர் எவ்வாறு சோதிக்கின்றார் என்பதை எம் மாணவர் அறிந்தால், ஊசலின்முன் நிற்கும்போதும் அவர்தம் மனப்பான்மை மாறும் என்பது எமது துணிபு. அதற்கு எடுத்துக்காட்டாக நாம் கொள்ள விரும்புவது அணுக்கருவின் அருட்டப்பட்ட நிலைகளின் ஆயுளை அளக்கும் கலையாகும்.

அணுக்கருவினுள்ளே புரோத்தன்களும் நியூத்திரன்களும் செறிந்துள்ளன. அவை மிகக் குறைந்த சத்தியோடு அமைந்திருக்கும் நிலையைத் தரைநிலை என்பர். வேறொரு கரு வந்து மோதுவதாலோ, கதிர்த்தொழிற்பாட்டின் விளைவாலோ கரு அதற்கு மேற்பட்ட நிலையொன்றுக்கு ஏறுமாயின் அது அருட்டப்பட்ட நிலை. அங்கே அது நெடுநேரம் தங்குவதில்லை. காமாக் கதிரொன்றை உமிழ்ந்து கீழே இறங்கிவிடும். ஒரு தனிக் கரு எப்போது இறங்கும் என்பதை எவராலும் கூற இயலாது; அது நிகழ்தகவின் பாற்பட்டது. ஆயின் பல்லாயிரங் கருக்களை எடுத்துக்கொண்டால் அவற்றின் சராசரி ஆயுள் மாறாத ஓரெண்ணாகும். பாடநூலிற் கற்கும் அரைவாழ்வுக் காலத்தை ஏறத்தாழ 1.44 ஆற் பெருக்கினால் இச்சராசரி ஆயுள் கிடைக்கும்.

இவ்வாயுள்கள் பரந்துபட்டிருக்கும் பாங்கு வியப்புக்குரியது. பெரும்பாலானவை பிக்கோசெக்கன் அளவிலோ அதனினும் குறைவாகவோ உள்ளன. பிக்கோசெக்கன் என்பது ஒரு செக்கனின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு. எம் இலக்கணகாரர் மாத்திரைக்கு அளவாகக் கண்ணிமைப்பையும் கைந்நொடியையும் வகுத்தனர். அக்கண்ணிமைப்பு ஒன்றினுள்ளே பத்தாயிரங்கோடி பிக்கோசெக்கன்களுக்குக் குறையாமல் அடங்கும். ஒளியே ஒரு பிக்கோசெக்கனில் 0.3 மில்லிமீற்றர் தூரந்தான் செல்கிறது. மறுகோடியில் நிற்பது தந்தாலம் 180. அதன் தரைநிலை எட்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட அரைவாழ்வுடன் அழிந்துபோக, அதன் அருட்டப்பட்ட நிலையொன்று அழிவதை இன்றுவரை எவரும் கண்டிலர். உயர்ந்த நிலை நிலைத்திருக்கத் தாழ்ந்த நிலை மறைந்துபோகும் இவ்விந்தைக்குக் காரணம், இரண்டு நிலைகளுக்குமிடையே உள்ள கோண உந்த வேறுபாடு மிகப் பெரிதாயிருப்பதேயாகும். இத்தகைய நீண்ட ஆயுள் நிலைகளுள் முதலாவதை 1921இல் ஒற்றோ கான் கண்டார். 1936இல் வைசாக்கர் அதற்குக் காரணங் கூறினார்.

ஆயுளை அளப்பதால் வரும் பயன் யாது? கருவின் நிலை எவ்வளவு உயரத்தில் உளது என்பதைக் காமாக் கதிரின் சத்தியே கூறிவிடும். அதனை அளப்பது ஒப்பீட்டளவில் எளிது. ஆனால் சத்தி ஒரு வீட்டின் மாடி உயரத்தைக் கூறுவது போன்றது. வீட்டினுள்ளே எவர் எவ்வாறு நடமாடுகின்றனர் என்பதை அது கூறாது. அந்நடமாட்டத்தைக் காட்டுவது ஆயுள். கரு இறங்கும்போது அதிலுள்ள ஏற்றத்தின் பரம்பல் எவ்வளவுக்கு அசைகிறதோ அவ்வளவுக்குக் கதிர் விரைவாக வெளிப்படும். ஒரு புரோத்தன் மட்டும் அசைந்தால் ஓர் அளவு. பல புரோத்தன்கள் கைகோத்து ஒருமித்து அசைந்தால் அதனிலும் பன்மடங்கு. 1951இல் வைசுகொப் ஒரு தனிப் புரோத்தனின் அசைவினால் வரக்கூடிய வீதத்தைக் கணித்துக் கொடுத்தார். அக்கணிப்பே இன்றும் அலகாக வழங்குகிறது. அளந்த ஆயுளிலிருந்து நிலைமாற்ற வன்மையைக் கணித்து, அவ்வலகோடு ஒப்பிட்டு, கரு உருண்டையானதா, நீண்டதா, அதிர்கிறதா, சுழல்கிறதா என அறிகின்றனர். அருமண் மூலகங்களின் கருக்கள் சிலவற்றில் இவ்வன்மை நூறு அலகுக்கு மேற்படும். ஒருமித்த அசைவின்றி இது நிகழாது. ஓகே போர், மொற்றல்சன், இரெயின்வாட்டர் ஆகிய மூவரும் 1975இல் நோபெல் பரிசு பெற்றது ஒருமித்த அசைவுக்கும் துகளின் தனியசைவுக்கும் உள்ள தொடர்பை விளக்கியமைக்காகவே.

ஒரு நுட்பத்தை இங்கு விடாது குறிப்பிடல் வேண்டும். நால்முனைவு வகையான இறக்கத்தில் வெளிப்படும் வீதம் காமாச் சத்தியின் ஐந்தாம் அடுக்குக்கு நேர்விகிதசமமானது. சத்தி அரைப்பங்கானால் ஆயுள் 32 மடங்காகிவிடும். ஆகவே ஆயுள் நீண்டிருப்பதைக் கண்ட மாத்திரத்தே கருவினுள் அசைவு இல்லையெனத் துணிதல் தவறு. சத்தியின் பங்கைக் கழித்த பின்னரே தீர்ப்புக் கூறலாம்.

இனி அளக்கும் விதம். பிக்கோசெக்கனைக் காட்டும் கடிகாரம் எவரிடமும் இல்லை என எண்ணுவோர்க்கு இதுவே சுவைமிக்க பகுதி.

ஆயுள் சற்று நீண்டதாயின் மின்னணுக் கருவிகளே போதும். கரு அந்நிலைக்கு வந்து சேரும்போது ஒரு கதிரும், அதனை விட்டு நீங்கும்போது மற்றொரு கதிரும் வெளிப்படுமாயின் அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தை அளக்கலாம். கதிர் பட்டவுடன் மினுங்கும் இலந்தனம் புரோமைட்டுப் பளிங்குகள் கைக்கு வந்தபின், இம்முறையாற் சில பிக்கோசெக்கன் வரைக்கும் இறங்க முடிந்துள்ளது. அதற்குக் கீழே நேரத்தை நேராக அளக்கும் முயற்சி பயன்தராது. ஆங்கே நேரத்தைத் தூரமாக மாற்றுகின்றனர்.

மெல்லிய தகடொன்றை ஆர்முடுக்கியின் கற்றை தாக்குகிறது. தாக்கத்திற் பிறந்த அருட்டப்பட்ட கரு, ஒளியின் கதியில் நூற்றில் இரண்டு பங்கு கதியோடு முன்னே பாய்கிறது எனக் கொள்வோம். அது ஒரு பிக்கோசெக்கனில் 6 மைக்கிரோமீற்றர் செல்லும். பத்துப் பிக்கோசெக்கனில் 60 மைக்கிரோமீற்றர், அதாவது ஏறத்தாழ ஒரு தலைமயிரின் தடிப்பு. சற்றுத் தள்ளி இரண்டாவது தகடொன்று அதனைப் பிடித்து நிறுத்துகிறது. பாயும்போது உமிழ்ந்த கதிரின் சத்தி தொப்ளர் விளைவினால் இடம்பெயர்ந்து தோன்றும். நின்றபின் உமிழ்ந்த கதிர் இடம்பெயராது. ஆகவே உணர்கருவியில் ஒன்றுக்கு இரண்டு முகடுகள் தோன்றுகின்றன. தகடுகளுக்கிடையேயுள்ள தூரத்தைக் கூட்டக் கூட்ட ஒன்று உயர்ந்து மற்றது தாழ்கிறது. அவ்விகிதத்திலிருந்து ஆயுளைப் பெறுகின்றனர். புகைவண்டி எங்கே விசில் ஊதியது என்பதைக் காதால் அறிந்து, ஊதிய நேரத்தைக் கணிப்பதற்கு ஒப்பானது இது. கடிகாரம் எங்கும் இல்லை. தூரமும் கதியும் மட்டுமே உள. தகடுகள் சமாந்தரமாக இருத்தல் வேண்டும். கற்றையின் வெப்பத்தால் நெளிதலாகாது. தூரத்தை மைக்கிரோமீற்றர் கணக்கில் அறிதல் வேண்டும். எமது பரிசோதனைச் சாலையிலே திருகு நுண்மானியைக் கையாளும் மாணவன் இதனைக் கேட்டு மகிழ்வான் என நம்புகிறோம்.

ஆயுள் ஒரு பிக்கோசெக்கனிலும் குறையுமாயின் இத்தகடுகளும் உதவா. அப்போது கருவைத் திண்மப் பொருளொன்றினுள்ளே பாயவிட்டு, அது வேகங் குறைந்து நிற்கும் காலத்தையே கடிகாரமாகக் கொள்வர். விரைவில் இறங்கிய கரு முழுவேகத்துடன் இருக்கையில் உமிழும். தாமதித்தது வேகங் குன்றியபின் உமிழும். முகட்டின் வடிவைப் பார்த்து ஆயுளை அறிகின்றனர். ஆனால் அப்பொருள் கருவை எவ்வளவு விரைவாகத் தடுக்கிறது என்பதைத் திருத்தமாக அறிந்திருத்தல் அவசியம். அவ்வறிவிற் குறையிருப்பின் கடிகாரமே பிழையாக ஓடும்.

வேறொரு வழியில் காலத்தை அளப்பதே இல்லை. பாரமான கருவொன்றின் மின்புலத்தினூடே நாம் ஆராயும் கருவைச் செலுத்தி, இரண்டும் ஒன்றையொன்று தொடாதவாறு கடந்துபோகச் செய்கின்றனர். மின்விசை மட்டுமே அதனை மேல்நிலைக்கு ஏற்றுகிறது. எத்தனை ஏறின என எண்ணினால் ஏறும் நிகழ்தகவு கிடைக்கும். ஏறுதற்கும் இறங்குதற்கும் அடிப்படையான வன்மை ஒன்றேயாதலின் ஆயுளையும் கணிக்கலாம். மசச்சூசெற்சு முதலிய இடங்களிலிருந்து வந்த பாடநூல்கள் இதனைக் கூலோம் அருட்டல் என்ற தலைப்பில் விரிவாகக் கூறுகின்றன. ஈண்டு அது வேண்டியதில்லை. நாம் மனங்கொள்ள வேண்டியது, ஒரே எண்ணை அடைவதற்கு ஒன்றோடொன்று தொடர்பற்ற பாதைகள் இருக்கின்றன என்பதே.

அதன் பெறுமதியைக் காபன் 16 என்ற கருவின் வரலாறு தெளிவாகக் காட்டும். நாம் எழுதும் மையிலும் உண்ணும் சோற்றிலும் உள்ள காபனில் ஆறு புரோத்தன்களும் பெரும்பாலும் ஆறு நியூத்திரன்களுமே உள. காபன் 16இல் நியூத்திரன்கள் பத்து. இயற்கையில் அது இல்லை; ஆர்முடுக்கியில் ஆக்கப்பட்டு ஒரு செக்கனுக்குள் அழிந்துபோகும். அதன் முதலாவது அருட்டப்பட்ட நிலை 1.77 மெகா இலத்திரன்வோற்று உயரத்தில் உளது. 2004இல் யப்பானின் இரிக்கன் ஆய்வுநிலையத்தைச் சேர்ந்தோர் அந்நிலையின் ஆயுளை 77 பிக்கோசெக்கன் என அறிவித்தனர். அவர்கள் கையாண்ட முறை புதியது. ஒளியின் கதியில் ஏறத்தாழக் கால்பங்கு வேகத்துடன் கரு பறக்கிறது. இலக்கைச் சூழ்ந்து தடித்த ஈயச் சுவர் நிற்கிறது. கரு எவ்விடத்தில் வைத்துக் கதிரை உமிழ்கிறதோ அதற்கேற்பச் சுவரின் நிழல் உணர்கருவிகள்மீது கூடியும் குறைந்தும் விழும். நிழலைக் கொண்டு தூரத்தையும், தூரத்தைக் கொண்டு நேரத்தையும் அறிந்தனர். சூரிய கடிகாரத்தின் வழிவந்த அழகான முறைதான்.

77 பிக்கோசெக்கன் என்பது பெரிய செய்தி. அதிலிருந்து கிடைத்த வன்மை வைசுகொப்பின் அலகில் கால்பங்கு அளவினதே. ஒரு தனிப் புரோத்தனின் அசைவுகூட அங்கே இல்லை என்பது பொருள். புறத்தேயுள்ள நியூத்திரன்கள் மட்டும் தனித்து அசைய, உள்ளே புரோத்தன்கள் அசைவற்றிருக்கின்றன, இரண்டுக்கும் தொடர்பு அறுந்துவிட்டது என்றெல்லாம் விளக்கங்கள் எழுந்தன. கொள்கையாளர் பலர் எழுதுகோலை எடுத்தனர். விந்தையான எண் ஒன்று வந்தால் அதற்கு விளக்கங்கள் பஞ்சமின்றிக் கிடைக்கும் என்பது எத்துறைக்கும் பொது.

2008இல் அமெரிக்காவின் பேர்க்கிளியிலுள்ள ஆய்வுநிலையத்தில் வேறொரு குழுவினர் அதே ஆயுளை அளந்தனர். அவர்கள் பயன்படுத்திய சைக்கிளோத்திரன் 1960களின் தொடக்கத்திலிருந்து ஓடிவருவது. பெரிலியத்தோடு பெரிலியத்தை மோதிக் காபன் 16ஐ ஆக்கி, மேலே நாம் விவரித்த இரு தகட்டு முறையைக் கையாண்டனர். கிடைத்த விடை 11.7 பிக்கோசெக்கன். முன்னைய விடையில் ஆறிலொரு பங்குக்கும் குறைவு! அதே ஆண்டில் இரிக்கன் குழுவினரும் தமது நிழல் முறையைத் திருத்தியமைத்து, காபன் 18ஐயும் சேர்த்து, மீண்டும் அளந்தனர். அவர்கள் கண்டது ஏறத்தாழ 18 பிக்கோசெக்கன். முன்பு வெளியிட்டது போல நான்கிலொரு பங்கே என்பதைத் தமது கட்டுரையிலேயே எழுதினர். வன்மை அலகின் கால்பங்கு அன்று, ஒன்றரைக்கு அண்மையது என்றாயிற்று. புரோத்தன்கள் உறங்கவில்லை.

இவ்வரலாற்றைக் கேட்டு, பெரிய விஞ்ஞானிகளே பிழைவிட்டனரே என எள்ளுதல் பேதைமை. 2004இல் வெளிவந்த எண்ணோடு அதன் வழுவெல்லையும் சேர்த்தே அச்சிடப்பட்டது: புள்ளிவிவர வழு 14, முறையால் வரும் வழு 19. அவை அக்காலத்தில் அவர்கள் நேர்மையாக மதிப்பிட்டவை. ஆயினும் 18 அவ்வெல்லைக்கு வெகு தொலைவில் நின்றது. ஒருவன் தான் அறிந்த வழுவையே எழுத முடியும். அறியாத வழுவை எழுதுவது எங்ஙனம்? அதனை வெளிக்கொணர்வது வேறொரு முறையாலாகிய அளவையே. எமக்கு இவ்வரலாற்றில் மிகப் பிடித்த பாத்திரம் பேர்க்கிளியின் குழு அன்று. தம் எண்ணைத் தாமே மீண்டும் அளக்கப் புகுந்த இரிக்கனின் குழு. 77 என்ற எண் பெயரையும் புகழையும் தந்திருந்த வேளையில், அதனைச் சிதைக்கக்கூடிய பரிசோதனையை அவர்களே அமைத்தனர். அவர்களுட் சிலருக்காவது 77ஐயே மறுபடி காண வேண்டுமென்ற ஆசை இருந்திருக்கும் அன்றோ? எம் மாணவனுக்கு 9.8இல் உள்ள ஆசையைவிட அது பன்மடங்கு பெரிது. ஆனால் அங்கே அழிறப்பர் வெளிவரவில்லை.

எல்லா வழக்கும் இவ்வாறு நான்காண்டில் தீர்ந்துவிடுவதில்லை. வெள்ளீயம் இதற்குச் சான்று. வெள்ளீயக் கருவில் 50 புரோத்தன்கள். ஐம்பது என்பது கருவின் ஓட்டமைப்பு நிறைவுறும் மாய எண்களுள் ஒன்று. மரியா கெப்பர்ட் மேயரும் யென்சனும் 1949இல் இம்மாய எண்களை விளக்கி, 1963இல் நோபெல் பரிசிற் பங்குபெற்றனர். புரோத்தன் எண் மாறாதிருக்க நியூத்திரன்கள் மட்டும் 50இலிருந்து 82 வரை ஏறுவதால், ஒரு கொள்கையை நீண்ட வரிசையொன்றிற் சோதிப்பதற்கு இதனிலும் ஏற்ற இடம் அரிது. எளிய கொள்கையின்படி வன்மை நடுவிலே உயர்ந்து இருபுறமும் சமச்சீராகத் தாழ்தல் வேண்டும். 2005 முதலாக யேர்மனி, சுவிற்சலாந்து, அமெரிக்கா ஆகிய நாடுகளில் நடந்த கூலோம் அருட்டல் பரிசோதனைகள் இலேசான பக்கத்தில் வன்மை எதிர்பார்த்தபடி தாழவில்லை எனக் காட்டின. கற்றையாகச் செலுத்த வேண்டிய அழியுங் கருக்கள் அவை, அளப்பது கடினம்.

ஆனால் அழியாத, கடையிலே வாங்கக்கூடிய வெள்ளீயச் சமதானிகளிலேயே கருத்து வேறுபாடு எழுந்ததுதான் வேடிக்கை. 2011இல் ஒரு குழுவினர் வேகங்குன்றும் முறையினால் அவற்றின் ஆயுளை நேராக அளந்து, 112, 114, 116 ஆகியவற்றில் வன்மை பழைய மதிப்புகளிலும் குறிப்பிடத்தக்க அளவு குறைவு என்றனர். 2015இல் அமெரிக்காவிலும், புதுதில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையிலான ஆர்முடுக்கி நிலையத்தினர் பங்குகொண்டு 2017இலும் வெளிவந்த கூலோம் அருட்டல் அளவைகள், குறைவு எதுவும் இல்லை என விடையிறுத்தன. புதுதில்லி ஆய்வு நூற்றுக்கு மூன்று அளவான வழுவுடையதெனக் கூறியது. ஒருபுறத்தார் கடிகாரம் திண்மப் பொருளின் தடுக்கும் ஆற்றலைப் பொறுத்தது. மறுபுறத்தார் எண்ணிக்கை ஒப்பீட்டுக்கெடுத்த நிக்கல் கருவின் மதிப்பைப் பொறுத்தது. அளவைகளின் தொகை கூலோம் பக்கமே சாய்கிறது என்பது எம் எண்ணம். எனினும் ஒரே பொருளை இரு நல்ல முறைகள் அளந்து வேறுபடும்போது, காரணத்தைக் காணும்வரை ஒன்றை வென்றதெனப் பறையறைதல் முறையன்று. எமக்கு அண்மையிலுள்ள நிலையமொன்று இவ்வழக்கிற் சான்றாளராக நிற்பது, இத்துறை எட்டாத் தொலைவிலுள்ளதென எண்ணும் எம் மாணவர்க்கு ஊக்கமளிக்க வேண்டும்.

ஆயுளை அளப்பதால் உலகுக்கு என்ன வந்தது எனக் கேட்கும் பழைய மாணவர்க்கு விடையாக இரண்டு கூறுவோம். தெக்னீசியம் 99இன் அருட்டப்பட்ட நிலையொன்றின் அரைவாழ்வு 6 மணித்தியாலம். மருத்துவமனையில் நோயாளியின் எலும்பையும் இதயத்தையும் காண அதனை உலகெங்கும் உடலிற் செலுத்துகின்றனர். நிமிடக் கணக்கில் அழிவதாயிருந்தால் படம் எடுப்பதற்குள் மறைந்துவிடும். ஆண்டுக் கணக்கில் இருப்பதாயின் நோயாளிக்குத் தீங்காகும். தோரியம் 229இன் நிலையொன்று வெறும் 8.4 இலத்திரன்வோற்று உயரத்தில் உளது. 2024இல் அதனை இலேசர் ஒளியினால் ஏற்றுவதில் வெற்றிகண்டனர். பளிங்கினுள்ளே அது பத்து நிமிடமளவு தங்குகிறது. அதனைக் கொண்டு புதுவகைக் கடிகாரம் ஆக்கும் வேலை நடைபெறுகின்றது.

இனி எம் கல்லூரியின் பக்கம் திரும்புவோம். விடை தெரியாத பரிசோதனைக்கு எவ்வாறு புள்ளி இடுவது என ஆசிரியர் கேட்பர். நியாயமான கேள்வி. பரீட்சைத் திணைக்களம் விடையைப் பார்க்கிறது, பெற்றோர் புள்ளியைப் பார்க்கின்றனர், நடுவில் ஆசிரியர் என்ன செய்வார்? நாம் கேட்பது சிறிதே. கல்லூரிக்குள் நடக்கும் செய்முறை வேலையில், விடைக்கு இடும் புள்ளியைக் குறைத்து, வாசிப்புகளை மையினால் உடனுக்குடன் பதிந்தமைக்கும், வழுவெல்லையைக் காரணத்தோடு மதிப்பிட்டமைக்கும், விடை பிழைத்தபோது அதற்கு ஒரு காரணந்தேடிச் சோதித்தமைக்கும் கூடுதலாக இடுக. 9.3ஐ 9.3 என்றே எழுதி, நூலின் நீளத்தைக் குண்டின் மேல்விளிம்பு வரைக்கும் அளந்தமையே காரணம் என மறுநாள் கண்டறிந்து வரும் மாணவன், 9.8 எழுதியவனைவிட மேலானவன். அவனுக்குக் குறைந்த புள்ளி இடும் நாள்வரை அழிறப்பர்தான் எம் பரிசோதனைச் சாலையின் தலையாய உபகரணம்.

மற்றொன்றும் உண்டு. விழா நிதியிலிருந்து கட்டடத்துக்கும் வாயில் வளைவுக்கும் ஒதுக்கிய பின் எஞ்சுவதில் ஒரு பகுதியைக் கொண்டு எம் மாணவர் அணுக்கருவின் அருட்டப்பட்ட நிலையொன்றின் ஆயுளைத் தம் கையாலே அளக்க வழிசெய்யலாம். இது கனவன்று. சீசியம் 137 அழிந்து பேரியம் 137இன் அருட்டப்பட்ட நிலையை ஆக்குகிறது. அந்நிலை பெரிய கோண உந்த வேறுபாட்டினாலே தடைப்பட்டு, 2.55 நிமிட அரைவாழ்வுடன் தங்கி, 662 ஆயிரம் இலத்திரன்வோற்றுச் சத்தியுடைய காமாக் கதிரை உமிழ்ந்து இறங்குகிறது. சிறு குப்பியொன்றில் அடைத்த சீசியத்தினூடே உப்பும் சிறிது அமிலமுங் கலந்த கரைசலைச் செலுத்தினால் பேரியம் மட்டும் கழுவப்பட்டுச் சொட்டுச் சொட்டாக வெளிவரும். அதனைக் கைகர் எண்ணியின் கீழ் வைத்து, முப்பது செக்கனுக்கு ஒருமுறை எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு பதினைந்து நிமிடம் இருந்தால் போதும். பிற நாட்டுப் பள்ளிகளில் இது நெடுநாளாக நடந்துவருகிறது. மாணவன் கையிலுள்ள நிறுத்தற் கடிகாரமே அணுக்கருவின் ஆயுளை அளந்துவிடும்.

இதிலே எழுதும் எண்ணை முன்கூட்டியே நடத்திச் செல்வதும் கடினம். எண்ணிக்கை தானாகவே தடுமாறும். நூறு எண்ணினாற் பத்தளவும், பதினாயிரம் எண்ணினால் நூறளவும் ஏறியிறங்கும். அத்தடுமாற்றம் இல்லாத அழகிய வளைகோட்டை எவனாவது கொண்டுவந்தால் அவன் அளக்கவில்லை என்பது பார்த்தவுடனே புலப்படும். சூழலிலிருந்து வரும் எண்ணிக்கையைக் கழிக்க மறந்தவன் விடை நீண்டிருக்கும். அவனும் தன் குற்றத்தைத் தானே காண்பான். நூலில் 2.55 என அச்சாகியிருந்தாலும் முப்பது மாணவர் அளந்தால் முப்பது விடைகள் வரும். அவற்றை வழுவெல்லையுடன் ஒரே வரைபிற் குறித்துச் சாலையின் சுவரில் மாட்டி வைக்கலாம்.

கதிர்த்தொழிற்பாட்டுப் பொருளாதலின் 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டத்தின்கீழ் அமைந்த ஒழுங்குறுத்தும் சபையின் ஆலோசனையும் வேண்டிய அனுமதியும் பெற்றே இதில் இறங்குதல் வேண்டும். பூட்டுடைய பேழை, பொறுப்பான ஆசிரியர், பதிவேடு ஆகியவற்றை ஆயத்தஞ்செய்தல் வேண்டும். பழைய மாணவருள் பல்கலைக்கழகங்களிலும் மருத்துவமனைகளிலும் இத்துறையிற் பணிபுரிவோர் இருப்பராயின், விண்ணப்பத்தை எழுதும் வேலையை அவர்கள் பொறுப்பேற்கலாம். விழாக்குழு அடுத்த கூட்டத்திலேயே இதனை எடுத்துக்கொள்ளுமாயின், இப்போது சாதாரணதர வகுப்பிற் பயிலும் மாணவர் உயர்தர வகுப்புக்கு வரும்போது கருவி ஆயத்தமாயிருக்கும்.